கோல் வாசலில் சலவைக்கூட அக்கா

எங்கள் மருத்துவமனைப் பெண்கள் ஹாக்கி அணிக்குப் பதினோரு வருடம் கோல்கீப்பராக இருந்தவர் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா. ஈரமான விரிப்பு மூட்டைகளைத் தூக்கித் தூக்கி அவருக்குத் தோள் நன்றாக அகன்றிருந்தது. பேடும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு நின்றால் கோலில் பந்து நுழைய இடமே இல்லாதது போலத் தெரியும். ஆனால் நுழைந்தது. அந்த வருடம் ஆறு ஆட்டங்களில் பத்தொன்பது கோல் வாங்கியிருந்தோம்.

பழி மொத்தமும் அக்கா தலையில் விழுந்தது. அவருக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேரும் என்ன கிழித்துக்கொண்டிருந்தோம் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நால்வரில் நானும் ஒருத்தி. கேட்காதது எனக்கு வசதியாகவே இருந்தது, பொய் சொல்வானேன்?

மருந்தகத்தில் இருப்பவர்தான் எங்கள் அணியின் மேலாளர். நல்ல மனிதர், ஆனால் எதை எங்கே சொல்வதென்று தெரியாது. கேன்டீனில் எல்லார் முன்னிலையிலும், "அடுத்த ஆட்டத்துக்கு எக்ஸ்ரே பொண்ணைக் கோல்ல நிறுத்திப் பாக்கலாமா?" என்றார்.

கோபம் வந்தால் அக்காவுக்கு முன்னும் பின்னும் தெரியாது. "தாராளமா நிறுத்துங்க. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரே ஒரு ஆட்டம் குடுங்க. அதுல ஒரு கோல் விழுந்தாலும் நானே பேடைக் கழட்டி அந்தப் பொண்ணு கையில குடுத்துடறேன்."

ஒரு கோல்! பாதி ஆட்டத்தைக்கூட நாங்கள் கோல் வாங்காமல் கடந்ததில்லை. மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். பலனில்லை.

கோல் வாசலில் அந்த இடம் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். வேலை முழுக்க நிலத்தடியில். இயந்திர இரைச்சலில் அவர் குரல் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. வீட்டில் தம்பி குடும்பத்தோடு இருந்தார், அங்கும் தொலைக்காட்சிதான் பேசும். மைதானத்தில் மட்டும்தான் அவர் கத்தினால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்போம்.

மறுநாள் என் வார்டுக்கு அழுக்கு விரிப்பு எடுக்க வந்தார். அந்த நேரம் பார்த்து, "வழி, வழி!" என்று கத்திக்கொண்டு ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்தார்கள். நான் சட்டென்று சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதேதான்டி! மைதானத்துலயும் இதைத்தான் பண்றீங்க. எவளாவது வேகமா ஓடி வந்தா போதும், நாலு பேரும் ரெண்டு பக்கமும் ஒதுங்கி நின்னு வழி விடறீங்க!"

உண்மைதான். நான் வார்டு உதவியாளர், இன்னொருத்தி அவசரப் பிரிவு நர்ஸ், ஒருத்தி லிஃப்ட் இயக்குபவள், நான்காமவள் ஸ்ட்ரெச்சரே தள்ளுபவள். வருடக்கணக்காக ஒதுங்கியே சம்பளம் வாங்குகிறவர்கள். எங்களைக் கேட்காமலே கால் நகர்ந்துவிடும்.

மூன்று சாயங்காலம் அக்கா மட்டையோடு எங்களை நோக்கி ஓடிவந்து, "ஒதுங்காதீங்கடி!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஒதுங்கினோம். நான்காம் நாள் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சரி, சொன்னா கேக்கற கால் இல்ல உங்களுக்கு. ஸ்ட்ரெச்சர் ஓடும்போது எவ ஒதுங்க மாட்டா?"

"சலைன் பாட்டில் பிடிச்சிருக்கறவ," என்றாள் நர்ஸ்.

"அவ்வளவுதான்! ஆளுக்கு ஒரு ஃபார்வர்டு, கோல் போட ஓடி வர்றவ. அவதான் உன் நோயாளி, பாட்டில் உன் கையில. அவ ஓடினா ஓடு, நின்னா நில்லு. ட்யூப் நீளத்துக்கு மேல விலகாத. எப்பவும் அவளுக்கும் கோலுக்கும் நடுவுல இரு. ஆனா என் கண்ணை மறைச்சே, கொன்னுடுவேன்."

இது எங்கள் கால்களுக்குப் புரிந்தது. அடுத்த ஆட்டம் தபால் துறை அணியோடு. எல்லாம் ஓட்டக்காரிகள். முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியிலும் நேரம் போய்க்கொண்டே இருந்தது. என் பொறுப்பில் இருந்த ஃபார்வர்டு எரிச்சலாகி, "என்னங்க, என்கூட வீட்டுக்கும் வருவீங்களா?" என்றாள். "கூப்பிட்டா வரேன்," என்றேன். அப்படி ஒரு திமிர் எனக்கு அதுவரை வந்ததில்லை.

நான்கு நிமிடம் மிச்சம். அவளும் நானும் ஒரே பந்துக்கு ஓடினோம். பந்து தட்டுப்பட்டு வலது பக்கம் போனது. அவள் கால் வழுக்கி, தலை கோல் கம்பத்தில் மோதி விழுந்தாள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. நடுவர் பந்தோடு போய்விட்டார், விசில் வரவில்லை. நான் மண்டியிட்டேன், நர்ஸும் ஓடி வந்தாள். எங்களுக்கு முன்பே அக்கா கையுறைகளை வீசிவிட்டு அவள் தலையை இரண்டு கையாலும் தாங்கியிருந்தார்.

"கழுத்தை யாரும் அசைக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, மூச்சு முட்டக் கூடாது."

காலியான கோலின் பலகையில் பந்து மோதும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் விசில் வந்தது.

அந்தப் பெண்ணை எங்கள் ஆம்புலன்ஸிலேயே கொண்டுபோனோம்; இரண்டு நாளில் எழுந்துவிட்டாள். கோலை நடுவர் செல்லும் என்று சொல்லிவிட்டார். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம்.

மருந்தகக்காரர் தவித்துப் போனார். "இதெல்லாம் கணக்குல சேராதும்மா. அன்னிக்குப் பேசினதை விடுங்க."

"ஒரு கோல்னு சொன்னேன். ஒரு கோல் விழுந்துடுச்சு." அக்கா பெஞ்சில் உட்கார்ந்து பேடின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். எக்ஸ்ரே பெண் வாங்க மாட்டேன் என்று அழுதாள். அவள் மடியில் வைத்துவிட்டு நடந்தார். மீதி ஐந்து ஆட்டங்களில் அந்தப் பெண் இரண்டே கோல்தான் வாங்கினாள். ஊரே அவளைப் பாராட்டியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேடைக் கழட்டிய அன்று பேருந்து நிறுத்தம்வரை அக்காவோடு போனேன். என் மனசு ஆறவில்லை.

"அவ விழுந்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோச்சுக்கா. பந்து எங்க இருக்குன்னே தெரியல."

"எனக்குத் தெரிஞ்சுது," என்றார் அக்கா. "வலது பக்கம் அந்த நெட்டைக்காரி பந்தோட தனியா நின்னா. நான் நகர்ந்தா கோல்தான்னு நல்லாவே தெரியும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.