ராத்தாவின் கறுத்த விரல்கள்

ஊறிய சுண்ணாம்பின் நெடியும் பச்சைத்தோலின் வீச்சமும் கலந்த ஒரு மணம் மூக்கில் ஏறினால், ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்துவிட்டது என்று கோட்டாற்றில் எங்கள் தெருவுக்கே தெரியும். நான் எட்டாம் வகுப்பை முடித்த கோடை அது. விடுமுறையும் வெளியே ஆவாரை பூத்திருந்ததும் சேர்ந்தே நினைவில் இருப்பதால், மாதம் சித்திரைதான் என்று சொல்வேன்.

பெருநாள் ஆட்டின் தோலில் வாப்பாவின் சைக்கிள் சீட்டுக்கு உறை தைப்பது என்று என் அக்கா, எங்கள் வழக்கில் 'ராத்தா', முடிவு செய்திருந்தாள். தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் கழன்றதும் மழுங்கிய கத்தியால் சுரண்டி, பலமுறை அலசி, இடித்துக் காய்ச்சிய ஆவாரம்பட்டைச் சாற்றில் இருவருமாகப் போட்டோம். தேன் நிறம் ஏறிவந்த நேரத்தில் மண்பானை விரிசல் விட, ராத்தா எல்லாவற்றையும் பழைய இரும்புச் சட்டிக்கு மாற்றினாள். பட்டைச் சாறு இரும்பில் பட்டால் மையாகிவிடும் என்பது இருவருக்கும் தெரியாது. மறுநாள் பிசைந்து முடித்த பிறகுதான் பார்த்தோம்: தோல் கறுப்பு, எங்கள் நான்கு கைகளும் கறுப்பு.

அன்று மாலையே ராத்தாவைப் பெண் பார்க்கக் குளச்சலிலிருந்து வருகிறார்கள் என்று ஆள் வந்து சொன்னார். மாப்பிள்ளையை ஒரு கல்யாண வீட்டில் பார்த்து ராத்தாவுக்கு ஏற்கெனவே பிடித்திருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். பிலிம்பிக்காயின் புளிப்பால் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை வெளுத்தது, நகக்கண்கள் அசையவில்லை.

"ஏட்டி, கைய துப்பட்டிக்குள்ளயே வச்சுக்கோ" என்றார் உம்மா.

மாப்பிள்ளையின் உம்மாவோ, மிட்டாயைக் கையில்தான் கொடுப்பேன் என்று நின்றார். ராத்தா நீட்டினாள். அந்த மாமி, மருதாணிக் கறையோ என்று விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன மோளே, மைலாஞ்சி கரிஞ்சு போச்சா?"

ராத்தா எதையும் மறைக்காமல் பானை உடைந்தது வரை சொல்லி, "சீட்டு கறுப்பா இருந்தா அழுக்கு தெரியாதுல்லா மாமி" என்று முடித்தாள். மாமி சிரித்த சிரிப்பில் துப்பட்டி நழுவியது.

"வேற ஒண்ணும் பாக்கண்டாம். மோளு எங்களுக்குத்தான்."

இப்போது பெருநாள் தோல்களை அன்றைக்கே வண்டி வந்து அள்ளிப்போகிறது. கைபேசியில் முகத்தைப் பார்த்துவிட்டே பெண் பார்க்க வருகிறார்கள். கையை யாரும் கேட்பதில்லை. சென்ற ஆண்டு மகனுக்குப் பெண் பார்க்கப் போன ராத்தா மட்டும் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் நகங்களில் பச்சை பெயின்ட். வீட்டு ஜன்னலுக்குத் தானே அடித்தாளாம். ராத்தா தேநீர் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை, சம்மதம் சொல்லிவிட்டாள்.