நல்ல தண்ணீர் என்று எழுதிய அரியநாயகம்

எங்கள் தீவின் மடத்துவெளியில் எங்கள் பக்கத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். கையொப்பம் வைக்கவும் தெரியாத தகப்பனின் மகன் என்பதால் அதை உரக்கவே சொல்வேன். ஆனால் அந்தப் பெருமையில் பாதி அரியநாயகத்துக்குச் சேர்ந்திருக்க வேண்டும். இருவரும் ஒரே ஊர், ஒரே வருடம்தான் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவானோம்.

அவன் தகப்பனின் பதுளைக் கடை எண்பத்துமூன்று கலவரத்தில் எரிந்தது. மனுசன் அதோடு ஒடுங்கிச் செத்துப்போனார். தொண்ணூற்றொன்றில் ஊரும் இராணுவத்திடம் போக, தாய் செல்லாச்சியும் அவனும் யாழ்ப்பாணத்தில் ஒரு கோயில் மடத்தில் ஒதுங்கினார்கள். மிச்சம் அவன் படிப்புத்தான்.

ஒரு நாள் இரசாயன ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரியிலுள்ள உப்பின் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, பியூரெட் என்ற அளவுக் குழாயால் சொட்டுச் சொட்டாக அளந்து செய்வது. கரண்ட் இல்லாத காலம். புதிதாக வடிக்க வழியில்லை. அவன் முறை வரும்போது போத்தல் காலி. பின்பக்கக் கிணற்றுக்குப் போனான், ஒரு வாய் குடித்துப் பார்த்தான், அள்ளிக்கொண்டு வந்தான். எங்கள் தீவில் நாக்கில் கரிக்காத தண்ணீர் நல்ல தண்ணீர். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

மற்றவர்கள் செய்முறைப் பகுதியைப் போன வருடத்து றிப்போட்டைப் பார்த்து எழுதினோம். அவன் செய்ததை எழுதினான்: “காய்ச்சி வடித்த நீர் முடிந்தமையால் கிணற்று நீர் பயன்படுத்தப்பட்டது. சுவைத்துப் பார்த்ததில் உப்பு இருக்கவில்லை.”

அவன் கணக்கு எங்கேயோ போய் நின்றது. ஏனென்று தேடிய விரிவுரையாளர் கமலாதேவி மிஸ், அந்த வரிகளை வாய்விட்டு வாசித்துவிட்டார்.

“தீவாருக்கு நாக்குத்தானே மிஸ் பியூரெட்!” என்றது பின்வரிசை. ஆய்வுகூடமே சிரித்தது.

“சத்தம் போடாதேங்கோ. அரியநாயகம், நாக்குக்குப் பிடிபடாத உப்பு எல்லாக் கிணத்திலயும் இருக்கு. திருப்பிச் செய்ய இரசாயன மருந்து இல்லை. ஏன் பிழைச்சதெண்டு தியறியில சேர்த்து எழுதி வெள்ளிக்கிழமை தாரும், புள்ளி போடுறன். இடம்பெயர்ந்ததில உமக்கு ஏற்கனவே ரெண்டு றிப்போட் தவறிப்போச்சு. இதுவும் இல்லையெண்டால் சோதினைக்கு விட ஏலாது.”

“ஓம் மிஸ்.”

பின்னேரம் மடத்துக்குப் போனேன். வெறும் தாளோடு இருந்தான்.

“நாலு வரியடா. எழுதன்.”

“என்னெண்டு எழுத? எங்கட ஊர்க் கிணத்துத் தண்ணியும் உப்பெண்டோ?”

“ஓமடா, உப்புத்தான். அதுக்கென்ன?”

“அம்மா வெயிலுக்குள்ள நடந்துபோய்ச் சுமந்த தண்ணி. இப்ப அந்தக் கிணத்தடியில ஆமி குளிக்கிறான். இவங்கள் சிரிக்கிறாங்கள். நான் அதை உப்பெண்டு எழுதிக் குடுக்கவோ?”

“அது வேற, இது வேறயடா.”

“உனக்கு வேற.”

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. மிஸ் திங்கள் வரை பொறுத்தார். என்னிடம் சொல்லியும் அனுப்பினார். அவன் அசையவில்லை.

சோதினைக்கு அவனை விடவில்லை. தாய்க்குச் சொல்லாமல், சோதினை நாட்களில் காலையில் வெளிக்கிட்டு வந்து நூலகத்தில் இருந்தான். சோதினை முடிவு வருமுன் கிளாலிக் கடலைப் படகில் கடந்து வவுனியாவுக்குப் போய், உறவுக்காரர் ஒருவரின் பலசரக்குக் கடையில் நின்றுவிட்டான்.

சோதினை முடிவு ஒட்டிய அன்று செல்லாச்சி மாமி அறிவித்தல் பலகையடிக்கு வந்துவிட்டார்.

“அவன்ர நம்பர் எது தம்பி? தொட்டுக் காட்டு.”

“அவன் சோதினை எழுதேல்லை மாமி.”

“அப்ப ஒவ்வொரு நாளும் காலமை எங்கை போனவன்?”

நூலகத்துக்கு என்றேன். அவர் அதை நம்பவில்லை.