தங்கைக்கும் சேர்த்துப் பேசியவள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எனக்கு ஏழு வயது. என் தங்கைக்கு மூன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை. வேண்டியதைக் கையால் காட்டுவாள்; அம்மாவிடம் நான் எடுத்துச் சொல்வேன். முறுக்குப் பானையைக் காட்டினால், "பாப்பாவுக்கு ரெண்டு வேணுமாமுங்க" என்பேன். ஒன்று அவளுக்கு. மற்றது எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை.

அத்தை சும்மா இருக்கவில்லை. பேச்சு வரட்டும் என்று வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து அவள் நாக்கில் தடவினாள். கிளி கொத்திய கொய்யாப்பழத்தைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தாள். தேனிலும் கொய்யாவிலும் பாதி என் வயிற்றுக்குள் போனதால் பலனும் எனக்கே சேர்ந்தது. கடைசியில் அத்தை, "புள்ளை ஊமைன்னு ஊரே பேசுது" என்று சொல்லிவிட, அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் முறுக்கை விடவில்லை.

பொள்ளாச்சிச் சந்தைக்கு வண்டி போன நாளில் அம்மா எங்கள் இருவரையும் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் தங்கையின் முதுகுக்குப் பின்னால் தகர டப்பாவைத் தட்டினார். திரும்பிப் பார்த்தாள். "என்ன சாப்பிட்டே கண்ணு?" என்று அவளைக் கேட்டார்.

"களியும் கீரையுமுங்க" என்றேன் நான்.

"இது யாரு?" என்று அம்மாவைக் காட்டினார். அதற்கும் நானே பதில் சொன்னேன்.

டாக்டர் அம்மாவிடம், "சின்னதுக்குக் காது நல்லாத்தான் கேக்குதுங்க. பேசறதுக்குத்தான் வேலையில்லை. பெரியவ வாயை ஒரு மாசம் கட்டிப்போடுங்க. நீங்க கேட்டுப்போட்டு, அது சொல்ற வரைக்கும் பொறுத்திருங்க" என்றார்.

அன்று முதல் அம்மா கத்தரிக்காயைக் காட்டி, "இதென்ன கண்ணு?" என்று கேட்டுவிட்டுக் குழம்பு அடிபிடிக்கும் வரை காத்திருப்பாள். பக்கத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்பா எங்களைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

ஆடி நோன்புக்கு அம்மா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். தங்கை தட்டைக் காட்டினாள். "என்ன வேணும் கண்ணு?" என்று அம்மா கேட்டுக் காத்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. விரல்கள் மட்டும் பழக்கதோஷத்தில் இரண்டு என்று காட்டின.

தங்கை என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "எனக்கு ஒண்ணு. அக்காளுக்கு வேண்டாங்க" என்றாள்.

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு அவளை வாரிக்கொண்டு அழுதாள். முதல் பேச்சிலேயே 'ங்க' போட்டுவிட்டாள் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான், சாமி சத்தியமாகச் சந்தோஷம்தான். பிறகு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனம்மணி, இத்தனை நாளா அந்த ரெண்டாவது முறுக்கு எங்கே போச்சு?"

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்காகத் தங்கை சொன்னாள்.