பெயர் சொல்லி நன்றி

என் அத்தானைச் சயாமுக்கு அனுப்பியது ஜப்பான் ராணுவம் என்று அக்காள் கடைசிவரை நம்பினாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி நான் சொன்ன நன்றியுரை.

போருக்கு முன் நான் சிங்கப்பூரில் தேக்கா பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். எங்கள் சங்கத்துக் கூட்டங்களில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. கடைசி இடம். மேடையேற ஆசைப்படுகிறவருக்கு வரவேற்புரை. பந்தலுக்குச் செலவு செய்தவருக்குத் தலைமையுரை. வெளியூரிலிருந்து வந்தவர் என்ன பேசினாலும் அது சிறப்புரை. மாலை வாங்கிவர மறந்தவர்கள் வாழ்த்துரை வழங்குவார்கள். எல்லாம் முடிந்து கூட்டம் செருப்பைத் தேடும் நேரத்தில் நன்றியுரைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். நான் பேசுவதை யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் தன் பெயர் வருகிறதா என்று மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். பெஞ்சு கொடுத்தவர், விளக்கு கட்டியவர், தண்ணீர்ப் பானை சுமந்தவர் என்று ஒருவர் விட்டுப்போனாலும் ஆறு மாதத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார். அதனால் பெயரையும் தொழிலையும் எண் போட்டு எழுதி வைத்துக்கொள்வேன். ஒரு பெயரும் விட்டுப்போகாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

நன்றி சொல்கிறவன் தன் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்வதில்லை. அது வழக்கம்.

ஜப்பான்காரர்கள் வந்த பிறகு ஊரின் பெயர் சியோனான் ஆயிற்று, கடிகாரம் தோக்கியோ நேரத்துக்குப் போயிற்று, சோறு மரவள்ளிக்கிழங்காயிற்று. கூட்டங்கள் மட்டும் குறையவில்லை. ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்துக் குனிய வைக்கும் பேச்சு, இந்திய விடுதலைப் படைக்கென்று கழுத்து நகையைக் கழற்ற வைக்கும் பேச்சு, பயப்பட வைக்கும் பேச்சு என்று புதிய வகைகளும் சேர்ந்தன. கடைசி வகைதான் மிகவும் சுருக்கமானது. அதிகாரி ஒருவர் பெட்டி மேல் ஏறி நான்கு வார்த்தை கத்திவிட்டு இறங்குவார். பேச்சுக்கலை என்று பார்த்தால் அவரைக் குறை சொல்ல வழியில்லை. அவர் சொன்னது எல்லாருக்கும் புரிந்தது.

அத்தான் செம்பவாங் கப்பல் பட்டறையில் தச்சராக இருந்தவர். பட்டறை வேலை போன பிறகு பெட்டிப் பலகைகளை அறுத்துக் கட்டைச் செருப்பு செய்து தேக்காவில் விற்றார். மேடை என்றால் அவருக்கு ஆகாது. “பேசுறவன் பேசட்டும் மாப்ள. ஒக்காந்து கேக்க எடம் வேணும்ல” என்று சொல்லிச் சங்கத்துக்குப் பெஞ்சு அடித்துத் தருவதோடு சரி. அக்காளுக்கு அப்போது ஏழு மாதம்.

ஒருநாள் வட்டார அலுவலகத்திலிருந்து சங்கத்துக்கு உத்தரவு வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், கூட்டம் போட்டுச் சொல்லுங்கள் என்று. மூன்று மாத வேலை, அரிசி உண்டு, துணி உண்டு. சங்கத்தாருக்கு வேறு எப்படிக் கூட்டம் போடுவது என்று தெரியாது. வரவேற்புரையில் தொடங்கி நன்றியுரை வரை வழக்கம்போல் வரிசை போட்டார்கள். எல்லா உரைகளையும் ஆங்கிலத்தில் எழுதி முன்னதாகவே அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

கூட்டத்தில் சிறப்புரை அருமையாக அமைந்தது. “வர விரும்புகிறவர்கள் கை தூக்கலாம்” என்று தலைவர் மூன்று முறை கேட்டார். ஒரு கையும் எழவில்லை. பிறகு நன்றியுரைக்கு என்னை அழைத்தார். நான் எழுந்து பதினொரு பேருக்கு நன்றி சொன்னேன். அத்தான் மூன்றாவது. எல்லாரும் கைதட்ட, அவர் கூச்சப்பட்டுக் குனிந்து பெஞ்சுக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் காலை லாரி வந்தது. தாளைப் பார்த்துப் பார்த்துப் பதினொரு பேரை ஏற்றினார்கள், அத்தான் உட்பட. அலுவலகத்துக்கு வேண்டியிருந்தது பெயர்கள். நாங்கள் கொடுத்த உரைகளில் பெயர் இருந்த ஒரே தாள் என் நன்றியுரை. எண் வேறு போட்டிருந்தேன்.

ரயில் ஏற்றும்வரை அவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். ரயிலுக்கு இரண்டு நாள் இருந்தது. நான் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்த ஜப்பான்காரர் போருக்கு முன் இந்த ஊரில் போட்டோ கடை வைத்திருந்தவர். குனிந்து வணங்கிவிட்டு ஆங்கிலத்தில் ஒரு பேச்சுப் பேசினேன். இவர்கள் வேலைக்கு வருவதாகச் சொன்னவர்கள் அல்ல, பெஞ்சும் தண்ணீரும் கொடுத்தவர்கள், எங்கள் கூட்டங்களில் இப்படிப் பெயர் சொல்லி நன்றி கூறுவது வழக்கம் என்று விளக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் பேசியதில்லை.

அவர் முழுவதையும் கேட்டார். “நல்ல வழக்கம்” என்றார். பிறகு, பதினொன்று என்று மேலிடத்துக்கு எழுதிப் போய்விட்டது, பதினொரு பேர் போக வேண்டும், ஒரு பெயரை அடித்தால் இன்னொன்று எழுத வேண்டும் என்றார். பென்சிலை எடுத்துக்கொண்டு என் தாளை மேலிருந்து கீழே பார்த்தார்.

“உன் பெயர் இதில் இல்லையே.”

“நன்றி சொல்கிறவர் பெயரைச் சேர்ப்பதில்லை” என்றேன்.

அவர் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை, வயிற்றில் ஏழு மாதத்தோடு வீட்டில் எனக்காக யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சொல்ல வேண்டிய பெயர் எனக்குத் தெரியும். பயமாக இருந்தது. வேறு காரணம் ஒன்றுமில்லை. சுவரில் தோக்கியோ நேரம் காட்டும் கடிகாரம் ஓடியது. அவர் பென்சிலைக் கீழே வைத்தார். நான் மறுபடியும் குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தேன்.

“பேசிப் பாத்தேன்க்கா” என்றேன் வீட்டில். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மூன்று மாத வேலை சண்டை முடியும்வரை நீண்டது. பதினொரு பேரில் நான்கு பேர் திரும்பினார்கள். அத்தான் வந்தார், பாதி உடம்பும் ஆறாத கால் புண்ணுமாக. பெண் குழந்தை ஓடி விளையாடுகிற வயதுக்கு வந்திருந்தது. அவரைக் கண்டு வீரிட்டு அழுது அக்காளின் பின்னால் ஒளிந்துகொண்டது.

சங்கம் நால்வருக்கும் வரவேற்புக் கூட்டம் போட்டது. நன்றியுரை சொல்லக் கேட்டார்கள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். யாரும் நன்றி சொல்லாமல் கூட்டம் எப்படிக் கலையும்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் அத்தான் கம்பை ஊன்றி எழுந்தார்.

“எனக்குப் பேச வராதுங்க. நாலே வார்த்தை. எங்களப் புடிச்சிட்டுப் போனப்ப, என் மச்சினன் ஒத்த ஆளா ஜப்பான்காரன் ஆபீசுக்குப் போயி எனக்காகப் பேசுனாரு. வீட்டுல சொன்னாங்க. அந்த நேரத்துல யாருக்குங்க அந்தத் துணிச்சல் வரும்? அவருக்கு நன்றிங்க.”

பிறகு என் பெயரைச் சொன்னார், தலைப்பெழுத்தோடு முழுப் பெயரையும். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அக்காள் அழுதுகொண்டே கைதட்டினாள். பெயர் சொன்னால் எழுந்து கும்பிட வேண்டும், அது வழக்கம். நான் எழுந்து கும்பிட்டேன்.