தம்பி பெயரில் ஒரு தோட்டம்

1984 மார்ச் 12: நிலம், 9,000.
1985 ஜூன் 3: கிணறு, 6,400.
1987 ஜனவரி 20: வேலி, 2,150.
1991 ஆகஸ்ட் 8: மோட்டார், 7,300.
1996 மே 2: ஓட்டு வீடு, 41,000.

இவ்வளவும் ஆலை கேன்டீன் சமையல்காரர் கொடுத்தது. ஐநூறு பேருக்குச் சமைப்பவர். நல்ல சாப்பாடு என்றால் உயிரை விடுவார். கேன்டீனுக்கு வரும் காயோ மூன்று நாள் லாரியில் வெந்து, பாதி அழுகி வந்து இறங்கும்.

"செத்ததுக்குப் பவுடர் பூசுற பொழப்பா இருக்கு என் பொழப்பு" என்பார்.

பறித்த கையோடு அடுப்பில் ஏறும் கத்திரிக்காய், ஈரம் காயாத கீரை, கொல்லையில் நாலு கோழி. ஓய்வு பெற்றபின் இவை போதும் அவருக்கு.

நிலத்தைத் தம்பி பெயரில் பதிந்ததற்குக் காரணம் இருந்தது. சொந்த நிலம் உள்ளவருக்கு ஆலைக் குடியிருப்பில் இடம் கிடையாது. ஒன்றரை அறைதான் என்றாலும் வாடகை இல்லை. மிச்சமான அந்த வாடகைதான் கிணறாகவும் வேலியாகவும் ஆயிற்று.

"ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கிக்கங்க" என்றாள் மனைவி.

"கூடப் பொறந்தவன்கிட்ட சீட்டு கேக்கவா?"

"கேக்காதீங்க. நாளைக்கு என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாம இருந்தா சரி."

வேலை வெட்டி இல்லாமல் இருந்த தம்பி, நிலம் வாங்கிய வருஷமே மனைவியோடும் கைக்குழந்தையோடும் அங்கே ஒரு குடிசை போட்டுக் குடியேறினான். சும்மா சொல்லக்கூடாது, உழைத்தான். சமையல்காரர் எப்போதாவது ஒருநாள் போனால் கூடை நிறையக் காய் தருவான். அந்தக் காயை நறுக்க மனைவியைக்கூட விடமாட்டார் அவர்.

2008 ஆகஸ்ட் 31 அன்று ஓய்வு. மறுநாளே குடியிருப்பைக் காலி செய்து, மனைவியோடும் இரண்டு பெட்டியோடும் தோட்டத்துக்குப் போய் இறங்கினார். வீட்டில் இருந்ததே இரண்டு அறை. ஒன்றில் தம்பியும் மனைவியும், மற்றதில் புதிதாகக் கல்யாணமான தம்பி மகன். பெட்டிகள் வாசலிலேயே நின்றன.

முதலில் சாப்பாடு போட்டார்கள். காம்போடு வதக்கிய கத்திரிக்காய், கீரை, பிஞ்சு அவரை. வெட்கப்படாமல் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். பறித்த கையோடு சமைத்த ருசி, ஐம்பத்தெட்டு வயதுவரை அவர் கண்டிராதது. கை கழுவிய சூட்டோடு கொல்லைக்குப் போய் மண்வெட்டியை எடுத்தார்.

"அண்ணே, அதைக் கீழ வைங்க. நேத்துதான் விதைச்சேன். விருந்தாளி மாதிரி நிழல்ல உக்காருங்க."

"விருந்தாளியா? யார் வீட்டுக்குடா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவிதான் பேசினாள்.

"மாமா, நீங்க பணம் போட்டீங்க, இல்லேங்கல. இருபத்துநாலு வருஷமா நாங்க முதுகைப் போட்டிருக்கோம். இப்ப இறங்குன்னா எங்க போறது?"

சாப்பிட்ட காய் இன்னும் அவர் நாக்கில் இருந்தது. யார் உழைப்பு அது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"பாதியாவது எழுதிக் கொடுடா" என்றார், குரல் இறங்கி.

"யோசிச்சு எழுதுறேன் அண்ணே."

அவர் மனைவி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். மூக்கைச் சிந்தியது அவள்தான்.

டயர் கடை மாடியில் ஓர் அறை கிடைத்தது, வாடகைக்கு. சாயங்காலம் தள்ளுவண்டியில் வாடி மிஞ்சிய காயை மலிவாக வாங்கி வந்து மனைவி நறுக்குவாள். சமையல்காரர் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. போட்டதைப் பேசாமல் சாப்பிடுவார். தபால்காரர் வரும் நேரத்துக்கு மட்டும் படியிறங்கி நிற்பார்.

"யோசனை இன்னுமா முடியல உங்க தம்பிக்கு?"

"நாலு நாள் பொறுடி."

ஏழு மாதம் கழித்து எழுதினான். நிலத்தை மகன் பெயருக்கு மாற்றியாயிற்று. அண்ணனும் அண்ணியும் எப்போது வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம், இரண்டு நாள் முன்னால் சொல்லிவிட்டால் நல்லது. அதன்பின் தம்பியிடமிருந்து கடிதம் இல்லை. அந்த ஒரே கடிதம் வந்து சேர்ந்தது 2009 ஏப்ரல் 17.