கடலாரின் கடைசி அட்டை

எங்கள் அகராதி அலுவலகத்தில் அவருக்குக் கடலார் என்று பெயர். கடலைக் குறிக்கும் ‘சீ’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லோடு ஏழு மாதம் மல்லுக்கட்டியவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? கப்பலில் வரும் குமட்டல், ஜனக்கூட்டத்தைக் கடல் என்பது, ஒன்றும் புரியாமல் முழிப்பது என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை எழுதுவார். இத்தனைக்கும் மனிதர் கடலில் கால்கூட நனைத்ததில்லை. அதைச் சொல்லி நாங்கள் ஓட்டாத நாளில்லை.

கப்பலில் வேலை பார்த்தது அவருடைய ஒரே மகன். பையன் கடலில் விழுந்துவிட்டான், உடல் கிடைக்கவில்லை என்று கப்பல் நிறுவனத்தின் கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. கடலார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க அண்ணிக்குத் தெரிஞ்சா செத்துடுவாப்பா. மூச்சு விட்டுடாதே.”

விடவில்லை. அண்ணி, அதாவது அவர் மனைவி, வாராவாரம் மகனுக்கு எழுதும் கடிதத்தைக் கடலார் தபாலில் போடுவதாகச் சொல்லி வாங்கிவந்து, மேசை இழுப்பறையில் அந்தக் கப்பல் நிறுவனக் கடிதத்தின் மேலேயே திணிப்பார்.

எங்கள் பதிப்பாசிரியருக்கு ஒரு பிடிவாதம். எடுத்துக்காட்டு வாக்கியத்தை நாமே புனையக்கூடாது. யாரோ நிஜமாக எழுதியதை எழுத்துப் பிசகாமல் எடுத்து, மூலமும் தேதியும் போட வேண்டும். ‘லாஸ்ட் அட் சீ’, அதாவது கடலில் காணாமற்போவது, அதற்குக் கிடைத்ததெல்லாம் பழசு என்று தூக்கிக் கடாசினார்.

“உங்க இழுப்பறையிலயே புதுசா ஒண்ணு இருக்கே. அதைவிட நல்ல சான்று எங்க கிடைக்கும்?” என்றார் அந்தப் பாவி, எல்லார் முன்னாலும்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் கடலார் அந்தக் கடிதத்தின் வரியை அட்டையில் எழுதிக் கொடுத்தார். மகனின் வயது, கப்பலின் பெயர், தேதி எல்லாம் அதில் இருந்தன.

எங்கள் பக்கங்களுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துவது அண்ணிதான். அந்தத் தாள்கட்டைக் கொண்டுபோவது எப்போதும் கடலார். இந்த ஒரு பக்கத்தை வேறு ஆளிடம் தள்ளிவிடலாம் என்று நினைத்திருந்தார். அது வந்த அன்று அவரை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, கட்டை என்னிடம் கொடுத்தார் பதிப்பாசிரியர். பிரித்துக்கூடப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன், மடையன்.

கடலார் அச்சகத்திலிருந்து திரும்பிய சற்று நேரத்தில் அண்ணியே வந்தார். பக்கத்தைப் பதிப்பாசிரியர் மேசையில் வைத்தார். விட்டுப்போன புள்ளி, கால்வாங்கி ஒன்றையும் விடாமல் திருத்தியிருந்தார்.

“வயசு தப்பா இருக்கு சார். இருபத்தி மூணு இல்ல, இருபத்திரண்டு. பிறந்தநாளுக்கு இன்னும் எட்டு நாள் இருந்துச்சு.”

கடலார் எழுந்து அருகில் போனார். அண்ணி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பதிப்பாசிரியர் கடலாரிடம் கப்பல் நிறுவனக் கடிதத்தை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார்.

“மூலத்துல இருபத்தி மூணுன்னுதாம்மா இருக்கு. அதுல நாம கை வைக்கக்கூடாது.” பிறகு என்னிடம், “இந்தத் திருத்தத்தை அடிச்சிடுப்பா” என்றார்.

அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார். நான் அடித்தேன்.