ஜூரி வீட்டில் ஓர் இலை அதிகம்

ஜூரி வேலைக்குக் கூப்பிட்டால் என்ன எதிர்பார்க்கலாம் என்று பக்கிரிசாமியைக் கேட்டால், நல்ல சாப்பாடு என்றுதான் முதலில் சொல்வார். அப்போது அவர் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இளம் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. இங்கிலீஷ் தெரிந்த பாவத்துக்கு, ஒரு கொலை வழக்கில் ஏழு ஜூரிகளில் ஒருவராக உட்காரவைத்தார்கள். நாடு அந்த முறையையே ஒழித்துக்கட்டுவதற்குச் சற்று முந்தி. துரை சம்பளத்தோடு லீவு கொடுத்தார். கோர்ட்டில் ஏர்கோன் வேறு. மலையில் பிறந்தவர் அங்கேதான் குளிரில் நடுங்கினார். ஓர் உயிரைப் பற்றி முடிவு சொல்ல வேண்டும் என்பதைத் தவிர வேலை சுலபம்.

கூண்டில் நின்றவன் அர்ஜுனன், லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். கொலை நடந்த நேரத்தில் மகன் வீட்டில் நெத்திலி சம்பலும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று அவன் தாய் சாட்சி சொன்னாள். பக்கிரிசாமி நம்பவில்லை. குற்றவாளி என்று ஐந்து பேர், இல்லை என்று இரண்டு பேர். ஐவரில் அவரும் ஒருவர். குற்றவாளி என்று சொல்லக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும் என்பது சட்டம்; ஐவரில் ஒருவர் மாறியிருந்தாலும் அந்தத் தீர்ப்பு நின்றிருக்காது. ஆகவே ஐந்து பேர் சேர்ந்து செய்ததை அவர் தனியாளாகவே செய்ததாக எடுத்துக்கொண்டார். தூக்கு என்று நீதிபதி சொன்னதோடு சரி. அப்புறம் அவன் கதி என்ன ஆனது என்று பேப்பரில் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

பார்க்காததால் அவன் நேரிலேயே வரத் தொடங்கினான். பனி இறங்கும் நேரத்தில் சரிவில் ஓர் ஆள் நிற்பான். கிட்டே போனால் தேயிலைச் செடி. தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படைக்கும்போது பக்கிரிசாமி ஓர் இலை கூடுதலாகப் போட்டு, நெத்திலி சம்பல் வைத்தார். தாம் நம்பாத அந்தச் சோற்றை ஆண்டுதோறும் தாமே பரிமாறினார்.

"எங்க மாமியாருக்குப் பக்கத்துல கொலகாரனுக்கு எலயா? அவங்க உசுரோட இருக்கும்போதே யாரோடயும் சேர்ந்து சாப்பிட மாட்டாங்க," என்றாள் மனைவி பாஞ்சாலை.

"தள்ளிப் போடு லா. அவன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்."

போன தீபாவளிக்கு முந்திய வாரம், ரிங்லெட் டவுனில் ஜலால் கடையில் பக்கிரிசாமி நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார். முட்டைக்கோஸ் லாரி ஒன்று வந்து நின்றது. நரைத்த ஓர் ஆள் இறங்கி வந்து எதிரே உட்கார்ந்தான்.

"சார், நீங்க அந்தக் கேஸ்ல ஜூரிதானே? நான் அர்ஜுனன்."

பக்கிரிசாமி முதலில் அவன் காலைத்தான் பார்த்தார். தரையில்தான் இருந்தது.

"மனு போட்டதுல தூக்குத் தண்டனைய ஆயுளாக்கிட்டாங்க. வெளிய வந்து இப்ப திரிங்காப் காய்கறித் தோட்டத்துல இருக்கேன்."

"பாய், இவருக்கு ஒரு தே போடுங்க," என்றார் பக்கிரிசாமி.

"எங்கம்மா சாட்சி சொன்னப்ப மத்தவங்கல்லாம் குனிஞ்சிக்கிட்டாங்க. நீங்க மட்டும்தான் என்னையே பார்த்துக்கிட்டிருந்தீங்க," என்றான் அர்ஜுனன். "ரெண்டு பேரு குத்தம் இல்லன்னாங்களே, அதுல ஒருத்தர் நீங்கதான்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். தூங்காம கெடந்தப்பல்லாம் ஒங்க மொகத்தத்தான் நெனச்சுக்குவேன். சொல்லுங்க சார், நீங்கதானே?"

அவன் முகத்தில் பொய்யைத் தேடித்தான் அன்று அப்படிப் பார்த்தார். ஜூரி அறையில் பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்று ஒரு விதி உண்டு. கேட்டவர்களிடமெல்லாம் இத்தனை வருஷமும் அதைச் சொல்லித்தான் தப்பித்திருந்தார். இப்போதும் அதைச் சொல்லியிருக்கலாம்.

"ஆமா," என்றார்.

அர்ஜுனன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். சூடான கை.

பாஞ்சாலையிடம் சொன்னதும் அவள் வாயில் கை வைத்தாள். "உசுரோட இருக்கிறவனுக்கா இத்தன வருசம் படைச்சோம்? அந்த மனுசன் ஆயுசு என்னாவறது?" அந்தத் தீபாவளிக்குக் கூடுதல் இலை போடவில்லை. அதோடு அந்தத் தொல்லை விட்டுவிடும் என்று பக்கிரிசாமி நம்பினார்.

செத்த அர்ஜுனன் பனி இறங்கும்போது மட்டும் வந்தான்; ஒன்றும் கேட்கவில்லை. உயிரோடிருக்கிறவன் சனிக்கிழமை தவறாமல் வருகிறான். கோஸ், கீரை, தோட்டத்தில் அவனை மகள்போலக் கவனித்துக்கொள்கிற அன்பரசி செய்த முறுக்கு என்று எதையாவது கொண்டுவருகிறான். "அண்ணன் ஒருத்தர்தான் என்னை நம்புனாரு," என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லாரிடமும் சொல்கிறான்.

"சொல்லிடுங்களேன்," என்பாள் பாஞ்சாலை, கோஸை நறுக்கியபடி.

"சொன்னா அவனுக்கு என்ன மிஞ்சும்?"

"அவருக்கா, ஒங்களுக்கா?"

சனிக்கிழமை லயத்து ரோட்டில் லாரி சத்தம் கேட்டதும் பக்கிரிசாமி சட்டையை மாட்டிக்கொண்டு, அவன் கூப்பிடுவதற்குள் லாரியடிக்கு இறங்கிப் போய்விடுகிறார்.